வால் டிரக்: குடும்பத்தோடு போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டா மாநிலத்தில் ஐ-90 நெடுஞ்சாலையை ஒட்டி வால் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே வசிப்பவர்கள் ஏறத்தாழ 700 பேர். அந்த ஊரிலுள்ள ஒரு மருந்துக்கடைக்கு ஆண்டுதோறும் சுமார் 20 லட்சம் பேர் வந்து போகிறார்கள். கடையின் பெயர் வால் டிரக் (Wall Drug: வால் என்றால் மதில், டிரக் என்றால் மருந்து). கோடை விடுமுறையில் மினியாப்பொலிஸிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் நான்கு அதிபர்களின் முகங்களைச் செதுக்கிய மவுண்ட் ரஷ்மோர் மலையைப் பார்க்கக் கிளம்பும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கடை வழியிலேயே வருகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பா ஒரு பக்கம், பின்னிருக்கையில் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று கார் நிறைந்திருக்கும்போது, அங்கே நிறுத்துவதா வேண்டாமா என்ற பேச்சு கட்டாயம் எழும். நிறுத்துங்கள் என்பதே என் பதில். எப்போது, எவ்வளவு நேரம், எதற்காக என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தக் கடையில்?

76,000 சதுர அடி பரப்பு. ஊரின் பிரதானத் தெருவில் ஒரு முழு வரிசையையே அது எடுத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே உணவகம், இனிப்புக் கடை, தொப்பிக் கடை, தோல் காலணிக் கடை, புத்தகக் கடை, பழைய மருந்துக்கடையின் மாதிரி, வழிப்போக்கர்கள் சற்று அமர்ந்து பிரார்த்திக்க ஒரு சிறு தேவாலயம் எல்லாம் இருக்கின்றன. சாப்பாட்டுக் கூடத்தின் சுவர்களில் அமெரிக்க மேற்கைக் காட்டும் அசல் தைல ஓவியங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. பலர் கையில் தட்டோடு அவற்றைக் கடந்து போய்விடுகிறார்கள். நின்று பாருங்கள், ஒரு சின்ன ஊரில் இத்தனை நல்ல ஓவியங்களை ஒரே இடத்தில் பார்ப்பது அரிது.

பின்முற்றம்தான் பிள்ளைகளின் உலகம். உறுமும் டைனோசர், ஏறி உட்காரக் கொம்பு முளைத்த ராட்சத முயல், மவுண்ட் ரஷ்மோரின் குட்டி வடிவம், தரையிலிருந்து பீய்ச்சியடிக்கும் நீரூற்றுகள். இவற்றோடு, இந்தக் கடைக்கே மூலகாரணமான பனிக்கட்டித் தண்ணீரும் அங்கே கிடைக்கிறது. இன்றும் இலவசம்.

ஒரு மருந்துக்கடை எப்படி இவ்வளவு பெரிதானது?

இந்தக் கதையைக் காரிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். தெரிந்துகொண்டு உள்ளே போனால் பார்க்கும் ஒவ்வொன்றுக்கும் பொருள் கூடும்.

1931ஆம் ஆண்டு. அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் தவித்துக்கொண்டிருந்த நேரம். நெப்ராஸ்காவில் பிறந்த டெட் ஹஸ்டெட் என்ற இளம் மருந்தாளுநர், தந்தை விட்டுச்சென்ற 3,000 டாலரை வைத்துக்கொண்டு ஒரு கடை தேடினார். கிடைத்தது வால் என்ற இந்த ஊரில். அன்று அங்கே இருந்தவர்கள் சில நூறு பேர்தான். உறவினர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். டெட்டும் மனைவி டோரதியும் நான்கு வயது மகன் பில்லும் கடையின் பின்பகுதியிலேயே, ஒரு திரையை மறைப்பாகக் கட்டிக்கொண்டு குடியிருந்தார்கள். ஐந்து ஆண்டுகள் பார்ப்போம், சரிப்படாவிட்டால் கிளம்பிவிடுவோம் என்பது அவர்கள் போட்டுக்கொண்ட கெடு.

கெடு முடியும் ஆண்டு 1936. அந்தக் கோடை அமெரிக்க வரலாற்றின் கொடிய கோடைகளில் ஒன்று. ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் டோரதி பிள்ளைகளைத் தூங்கவைக்கப் போனார். தூக்கம் வரவில்லை. சாலையில் கார்கள் கடகடத்துக்கொண்டே போன ஓசைதான் காரணம். குளிர்சாதனம் இல்லாத கார்கள், புல்வெளி வெயில், மணிக்கணக்கான பயணம். இவர்களுக்கு இப்போது வேண்டியது என்ன என்று யோசித்தவருக்கு உடனே பதில் கிடைத்தது: குளிர்ந்த தண்ணீர். கடையில் பனிக்கட்டி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. சாலையோரம் பலகை வைத்து, இலவசமாகத் தருகிறோம் என்று எழுதினால் என்ன?

டெட்டுக்கு இது கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் பட்டது. இருந்தாலும் ஒரு பள்ளி மாணவனைத் துணைக்கு வைத்துக்கொண்டு பலகைகளை எழுதினார். ஒரு பாட்டின் வரிகளைப் பிய்த்துப் பலகைக்கு ஒரு துண்டாக வரிசையாக நட்டார்கள். கார் நகர நகர வரிகள் ஒவ்வொன்றாக வந்து, கடைசிப் பலகை இலவசத் தண்ணீரில் முடியும். நட்டுவிட்டு டெட் கடைக்குத் திரும்புவதற்குள்ளேயே ஆட்கள் தண்ணீர் கேட்டு வந்திருந்தார்கள். அடுத்த கோடையில் உதவிக்கு எட்டுப் பெண்களை வேலைக்கு வைக்க வேண்டியிருந்தது.

நம் ஊரில் சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தல் வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை உடனே பிடிபடும். வேறுபாடு ஒன்றுதான்: தண்ணீர் குடித்தவர்கள் ஐஸ்கிரீமும் வாங்கினார்கள். அந்தக் குடும்பம் அதில் பிழைத்தது.

தண்ணீரைக் காட்டி உள்ளே இழுத்துப் பொருளை விற்கும் தந்திரம்தானே இது? இதற்கு ஏன் இவ்வளவு மரியாதை?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் வண்டியோட்டும் அப்பாக்கள் கேட்கிறார்கள். வியாபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அடிப்படையைப் பாருங்கள். வருகிறவனுக்கு என்ன தேவை என்று முதலில் யோசித்து, அதை விலையில்லாமல் கொடுத்த பிறகே மற்றதை விற்றார்கள். தண்ணீர் குடித்துவிட்டு ஒரு காசும் செலவழிக்காமல் நீங்கள் கிளம்பலாம். கழிப்பறை இலவசம், நிழல் இலவசம், முற்றத்தின் பெரும்பகுதி வேடிக்கைகளும் இலவசம். இத்தனை ஆண்டுகளாக, தலைமுறைகள் மாறியும் அந்தத் தண்ணீரை நிறுத்தவில்லை. டோரதி 1995இலும் டெட் 1999 ஜனவரியிலும் மறைந்தார்கள். கடையைப் பெரிதாக வளர்த்தெடுத்தவர் அவர்களுடைய மகன் பில். அவரும் அதே 1999இல் காலமானார். அதன் பின்னும் அது குடும்பக் கடையாகத்தான் நடந்துவந்தது. சாலையோர வேடிக்கை என்று சொல்லிக்கொண்டு வாசலிலேயே டிக்கெட் கிழிக்கும் எத்தனையோ இடங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. அவற்றோடு சேர்த்து இதை எடைபோடுவது நியாயமாகாது.

கடை வருவதற்கு எத்தனையோ மைல் முன்பிருந்தே விளம்பரப் பலகைகள் வருகின்றன. ஏன்?

முதல் பலகைகள் பலித்ததும் டெட் நிறுத்தவே இல்லை. கிழக்கே மின்னசோட்டாவிலும் மேற்கே மொன்டானா வரையிலும் ஐ-90 ஓரம் அவற்றைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவுக்குப் போன அமெரிக்கப் படைவீரர்கள் அங்கெல்லாம், வால் டிரக்குக்கு இத்தனை மைல் என்று பலகை நட்டார்கள். லண்டன் சுரங்க ரயில் நிலையங்களிலும் விளம்பரம் வந்தது. 1965இல் நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டம் வந்து சாலையோரப் பலகைகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. தெற்கு டக்கோட்டாவின் நெடும் புல்வெளியில் இந்தப் பலகைகள் இன்னும் மிச்சமிருக்கின்றன.

பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு. சூ ஃபால்ஸ் தாண்டியதிலிருந்து எண்ணச் சொல்லுங்கள். இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர். தாத்தா நடுவர். அந்த 280 மைல் நீளச் சமவெளியில் கைபேசியை வெளியே எடுக்காமல் ஒரு மணி நேரம் ஓடும்.

எப்படிப் போவது?

ஐ-90இல் எக்ஸிட் 110. ராபிட் சிட்டியிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 55 மைல். மினியாப்பொலிஸிலிருந்து வந்தால் 500 மைலுக்குக் கொஞ்சம் மேல். பஸ்ஸையோ ரயிலையோ நம்பிப் போகிற இடம் இல்லை, கார் வேண்டும். இந்த மாநிலத்தில் ஐ-90இன் வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 80 மைல். வெட்டவெளியில் பக்கவாட்டுக் காற்று காரைத் தள்ளும் என்பதால், கூரையில் பெட்டி கட்டியவர்கள் வரம்பைத் தொட வேண்டாம்.

கிழக்கிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. மர்டோ என்ற ஊரைக் கடந்து மேற்கே போனதும் நேர மண்டலம் மாறி, கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு லாபம். திரும்பும்போது அதை இழப்பீர்கள். இரவு தங்கும் இடத்தை அதற்கேற்பத் தீர்மானியுங்கள்.

எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? எந்த வேளையில் போவது நல்லது?

சாப்பாட்டையும் சேர்த்து இரண்டு மணி நேரம். அதற்கு மேல் இருந்தால் பிள்ளைகள் பொம்மைக் கடைக்குள் தொலைந்துபோவார்கள், பெரியவர்கள் சோர்ந்துபோவார்கள்.

வேளைதான் முக்கியம். நடுப்பகல் 12 மணியிலிருந்து 3 மணிக்குள் அங்கே இருங்கள். ஊருக்குத் தெற்கே சில மைல் தொலைவில் பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. காற்றும் மழையும் அரித்து, வரிவரியாக வண்ணம் காட்டும் கூர்முகட்டு மண்குன்றுகளின் வெளி. வால் என்ற பெயரே அந்தக் குன்றுகள் மதில்போல் எழுந்து நிற்பதால் வந்தது. காலை, மாலைச் சாய்வெயிலில்தான் அந்த வண்ணங்கள் எழும்பும். உச்சிவெயிலில் எல்லாம் வெளிறிவிடும், நிழலும் கிடையாது, வெப்பம் 100 பாரன்ஹீட்டைத் தொடும். ஆகவே அதிகாலையில் பேட்லாண்ட்ஸ், வெயில் ஏறியதும் வால் டிரக் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, காலை குளிர்ந்த நேரத்தைக் கடைக்குள் கழித்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குக் குழந்தைகளோடு மண்குன்றில் ஏறுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம்.

கிழக்கிலிருந்து வந்தால் எக்ஸிட் 131இல் இறங்கிப் பூங்காவுக்குள் நுழையுங்கள். 240ஆம் எண் மாநிலச் சாலை குன்றுகளின் விளிம்பிலேயே வளைந்து வளைந்து ஓடி, உங்களை வால் ஊரில், எக்ஸிட் 110 பக்கத்தில் கொண்டுவந்து விடும். சுமார் 40 மைல்தான், ஆனால் காட்சிமுனைகளில் நின்று நின்று வந்தால் மூன்று மணி நேரம் ஆகும்.

நுழைவுக் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம்?

வால் டிரக்கில் இரண்டும் கிடையாது. பேட்லாண்ட்ஸ் பூங்காவுக்குக் கட்டணம் உண்டு; தேசியப் பூங்காக்களின் ஆண்டுச் சீட்டு கையில் இருந்தால் அது செல்லும்.

நாங்கள் சைவம். சாப்பிட ஏதாவது கிடைக்குமா?

ஒரு வேளைப் பசியை அடக்கலாம். முழுச் சாப்பாட்டை எதிர்பார்க்காதீர்கள். இங்கே பேர்பெற்றது சூடான மாட்டிறைச்சி சாண்ட்விச், அதன் மேல் ஊற்றும் குழம்பு. அடுத்தது பைசன் பர்கர். சைவம் உண்பவர்களுக்கு உருளைக்கிழங்கு வறுவல், சாலட், பழம் வைத்த பை, ஐஸ்கிரீம் என்றுதான் கைகொடுக்கும். கடையிலேயே செய்யும் டோநட் நன்றாக இருக்கும். பொரிக்கும் கொழுப்பு, முட்டை ஆகியவற்றில் கண்டிப்பு உள்ளவர்கள் கவுன்ட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள், தயங்காமல் சொல்வார்கள்.

மாமியாருக்கோ அம்மாவுக்கோ டோநட் மதிய உணவாகாது. புளியோதரை, எலுமிச்சைச் சாதம், சப்பாத்தி, தக்காளித் தொக்கு இவற்றைக் கட்டிக்கொண்டு போங்கள். தயிர்சாதத்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள். உணவகத்தின் மேசையில் கட்டுச்சாதத்தைப் பிரிப்பது முறையாகாது. காரிலோ ஊரில் ஏதாவது ஒரு மர நிழலிலோ சாப்பிட்டுவிட்டு உள்ளே போய் பை, காபி, ஐஸ்கிரீம் என்று முடித்துக்கொள்ளலாம்.

ஐந்து சென்ட்டுக்குக் காபி என்று பலகையில் பார்த்தோம். உண்மையா?

உண்மை. கோப்பையை நீங்களே நிரப்பிக்கொண்டு பக்கத்திலுள்ள பெட்டியில் காசைப் போட வேண்டும். யாரும் நின்று கண்காணிப்பதில்லை. நம் பில்டர் காபி குடித்த நாக்குக்கு அது வெந்நீராகத் தெரியலாம். ஆனாலும் அந்த ஐந்து சென்ட் நாணயத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் போடச் சொல்லுங்கள்.

ராணுவத்தில் பணியாற்றியவர்களுக்கும் தேனிலவுத் தம்பதிகளுக்கும் காபியும் டோநட்டும் இலவசம் என்ற வழக்கமும் உண்டு. புதுமணத் தம்பதியோடு போகிறவர்கள் கேட்டுப் பெறுங்கள்.

வயதான பெற்றோருக்கு இந்த இடம் ஒத்துவருமா?

இந்தப் பயணத்தில் அவர்களுக்கு மிகவும் ஒத்துவரும் இடங்களில் இதுவும் ஒன்று என்பேன். நடை பெரும்பாலும் சமதளம், குளிர்சாதனம் உண்டு, உட்கார இடம் நிறைய. ஆளுயரச் சிலைகள் ஆங்காங்கே பெஞ்சில் அமர்ந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள அப்பாக்களுக்குப் பிடிக்கும். மலையில் செதுக்கிய நான்கு அதிபர்களின் முகங்களைப் பத்து நிமிடம் பார்த்ததும் "சரி, போகலாமா?" என்று கேட்கும் பெரியவர்கள்கூட இங்கே கடை கடையாக ஆர்வத்தோடு நடப்பார்கள். பழைய மருந்துக்கடை மாதிரியில் இருக்கும் கண்ணாடிக் குப்பிகளின் முன்னால் நின்று, தங்கள் ஊரில் மிக்சர் கலக்கிக் கொடுத்த கம்பவுண்டரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்கப் பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நீங்கள் காபி வாங்கப் போங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்கள் பேட்லாண்ட்ஸில் மரப்பலகைப் பாதையோடு நிறுத்திக்கொள்ளட்டும். தண்ணீர்க் குப்பிகளை வால் டிரக்கில் நிரப்பிக்கொள்ள மறக்காதீர்கள்.

சின்னக் குழந்தைகள் பயப்படுவார்களா?

பின்முற்றத்தில் இருக்கும் டி-ரெக்ஸ் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை விழித்து உறுமும். விளக்கு மின்னும், புகை வரும். மூன்று வயதுக்குட்பட்ட சில குழந்தைகள் அலறிவிடுகிறார்கள். முதல் உறுமலைத் தொலைவிலிருந்து, தோளில் தூக்கிக்கொண்டு காட்டுங்கள். இரண்டாவது உறுமலுக்கு அவர்களே முன்னால் ஓடுவார்கள்.

நீரூற்றில் நனையாமல் எந்தக் குழந்தையும் வெளியே வராது. மாற்றுடையும் துண்டும் கையில் இருக்கட்டும். கடை வளைந்து வளைந்து போவதால், யாராவது பிரிந்துவிட்டால் சந்திக்க ஓர் இடத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ராட்சத முயல் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

நெடுஞ்சாலையிலிருந்தே ஒரு பச்சை டைனோசர் தெரிகிறதே, அது இந்த மண்ணில் வாழ்ந்ததா என்று மகள் கேட்கிறாள்.

மகளுக்கு என் பாராட்டு. நன்றாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

எக்ஸிட் 110 அருகே நிற்பது 80 அடி நீள பிரான்டோசாரஸ். எம்மெட் சல்லிவன் என்ற சிற்பி 1960களில் செய்தது. ராபிட் சிட்டியில் ஒரு குன்றின் உச்சியில் 1936இல் அமைந்த டைனோசர் பூங்காவின் கான்கிரீட் விலங்குகளும் அவருடைய கைவேலைதான். அந்தப் பூங்காவுக்கும் கட்டணம் இல்லை; மாலையில் நகரத்தின் விளக்குகளைப் பார்க்க அருமையான இடம்.

ஆனால் பேட்லாண்ட்ஸ் குன்றுகளைத் தோண்டினால் டைனோசர் கிடைக்காது. அங்கே அடியில் கறுப்பாகத் தெரியும் படிவு சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலத்தை மூடியிருந்த ஆழமற்ற கடலின் சேறு. அதில் கடல்வாழ் ஊர்வனவும் சிப்பிகளும்தான். அதற்கு மேலே இருக்கும் வண்ண அடுக்குகள் டைனோசர்கள் அழிந்து மிகப் பிற்பாடு, மூன்றரைக் கோடி ஆண்டுகள் அளவில் படிந்தவை. அவற்றில் இருப்பவை பாலூட்டிகள்: மூன்று விரல் குதிரை, காண்டாமிருகத்தின் உறவினங்கள், வாள்பல் கொண்ட பூனை போன்ற வேட்டை விலங்கு, ஆட்டுக்கும் பன்றிக்கும் நடுவே தோற்றம் கொண்ட ஓரியோடாண்ட்.

2010இல் பூங்காவின் பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்திலேயே ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வாள்பல் விலங்கின் மண்டையோட்டைக் கண்டுபிடித்தாள். அவள் அதைத் தோண்டி எடுக்கவில்லை. பூங்கா அலுவலரிடம் போய்ச் சொன்னாள். அதனாலேயே அங்கே முறையான அகழாய்வு நடந்து இன்னும் பல புதைபடிவங்கள் வெளிவந்தன. உங்கள் மகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். கோடைக் காலத்தில் அந்த மையத்திலுள்ள ஆய்வகத்தில் புதைபடிவங்களைச் சுத்தம் செய்யும் வேலையைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம்.

முற்றத்தில் உறுமும் டி-ரெக்ஸுக்கு இந்த மாநிலத்தில் உண்மையான உரிமை உண்டு. 1990இல் வடக்கே ஃபெய்த் என்ற ஊருக்கருகில் கிடைத்ததுதான் சூ என்ற புகழ்பெற்ற டி-ரெக்ஸ் எலும்புக்கூடு. சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இருப்பது அதுதான். சிகாகோவிலிருந்து கிளம்பும் குடும்பங்கள் புறப்படும் முன் அதைப் பார்த்துவிட்டு வந்தால், அதன் சொந்த மண்ணில் கார் ஓடும்போது பிள்ளைகளின் கண் வேறு விதமாக விரியும்.

கொம்பு முளைத்த முயல் என்று ஒன்று உண்டா?

இல்லை. அதற்கு ஜாக்கலோப் என்று பெயர். பக்கத்து வயோமிங்கில், டக்ளஸ் என்ற ஊரில், விலங்குகளைப் பாடம் செய்யும் குடும்பம் 1930களில் முயல் தலையில் மான்கொம்பைப் பொருத்திய கைவேலையிலிருந்து பரவியது. ஆனால் ஒருவகை வைரஸ் தொற்றினால் காட்டு முயல்களின் முகத்தில் கொம்பு போன்ற கட்டிகள் வளர்வது உண்மை. 1930களிலேயே அறிவியலாளர் ரிச்சர்ட் ஷோப் அந்த வைரஸை விவரித்திருக்கிறார்.

பதினாறு வயது மகனுக்கு இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தோன்றுமே?

அவனுக்காக ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். எக்ஸிட் 131க்கு அருகில் மினிட்மேன் ஏவுகணைத் தேசிய வரலாற்றுத் தலத்தின் பார்வையாளர் மையம் இருக்கிறது. பனிப்போர்க் காலத்தில் இந்தப் புல்வெளிக்கு அடியில் அணுகுண்டு தாங்கிய ஏவுகணைகள் ஏவத் தயார்நிலையில் காத்திருந்தன. மேலே மாடு மேய்ந்தது. எக்ஸிட் 116இல் இறங்கினால் டெல்டா-09 என்ற ஏவுகுழியின் கண்ணாடி மூடி வழியே உள்ளே நிற்கும் பயிற்சி ஏவுகணையைப் பார்க்கலாம். டெல்டா-01 கட்டுப்பாட்டு அறைக்குள் இறங்க வேண்டுமென்றால் முன்பதிவு வேண்டும், இடம் மிகக் குறைவு.

அந்தக் காலத்தில் பணிக்குப் போய்வந்த ஏவுகணைப் பிரிவு வீரர்களுக்கும் வால் டிரக்கில் காபியும் டோநட்டும் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். பதினாறு வயதுப் பையன் இதைப் பற்றி யோசிப்பான்.

சுவரில் பூர்வகுடி மக்களின் பழைய படங்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

நேராகச் சொல்லுங்கள். இது லக்கோட்டா மக்களின் நிலம். 1868ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் மேற்கே உள்ள கறுப்பு மலைகள் உட்பட இந்தப் பகுதி அவர்களுக்கே என்று அமெரிக்க அரசு எழுதிக் கொடுத்தது. தங்கம் கிடைத்ததும் வாக்கு மீறப்பட்டது. 1890 டிசம்பரில் வூண்டட் நீ என்ற இடத்தில் பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கான லக்கோட்டாக்கள் ராணுவத்தால் கொல்லப்பட்டார்கள். அந்த இடம் இங்கிருந்து தெற்கே, பைன் ரிட்ஜ் பகுதியில் இருக்கிறது. பேட்லாண்ட்ஸ் பூங்காவின் தென்பாதி அந்த மக்களின் நிலத்துக்குள்ளேயே வருகிறது. இறகுக் கிரீடப் பொம்மையைப் பார்த்து அவர்கள் கதைகளில் மட்டும் இருப்பவர்கள் என்று பிள்ளைகள் எண்ணிவிடக்கூடாது. அவர்கள் இன்றும் இங்கே வாழ்கிறார்கள்.

கிழக்கிலிருந்து வரும்போது சேம்பர்லைன் ஊரில், மிசௌரி ஆற்றைக் கடக்கும் முன் வரும் ஓய்விடத்தில் 50 அடி உயர எஃகுச் சிலை ஒன்று நிற்கிறது: நட்சத்திரப் போர்வையை விரித்துப் பிடித்திருக்கும் பூர்வகுடிப் பெண். 2016இல் டேல் லாம்ஃபியர் என்ற சிற்பி அமைத்தது. அங்கே இறங்கி நின்று, ஆற்றையும் சிலையையும் பார்த்தபடி இந்தப் பேச்சைத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

கடையில் பணம் கரைந்துவிடுமோ?

கரையும். ஆளுக்கு இவ்வளவு என்று வண்டியிலேயே பணமாகக் கொடுத்துவிடுங்கள். உள்ளே போன பிறகு பேரம் கூடாது. கறுப்பு மலைப் பொன் நகைகளும் தோல் காலணிகளும் நல்ல தரம், விலையும் அப்படியே. புத்தகக் கடை அருமையானது. காரில் ஒட்டும் வால் டிரக் ஸ்டிக்கரை இலவசமாகவே கொடுப்பார்கள்.

வழியில் வேறு எங்கே நிறுத்தலாம்?

மிச்செல் ஊரில், எக்ஸிட் 332இல், மக்காச்சோள அரண்மனை. 1892இல் தொடங்கிய மரபு. இப்போதுள்ள கட்டடம் 1921இல் எழுந்தது. வெளிச்சுவர்கள் முழுக்க நிறநிறமான சோளக் கதிர்களையும் புல்லையும் கொண்டே ஓவியங்கள் அமைத்து, காலாகாலத்தில் மாற்றுகிறார்கள். அரை மணி நேரம் போதும். மண்ணில் விளைந்ததைக் கொண்டே ஓர் ஊர் தன் கட்டடத்துக்கு அலங்காரம் செய்வதைப் பார்த்தால், விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த பெரியவர்கள் அதை எளிதில் மறக்க மாட்டார்கள்.

எந்த மாதம்?

ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை எல்லாம் திறந்திருக்கும், கூட்டமும் இருக்கும். செப்டம்பர் எனக்குப் பிடித்தது: வெயில் தணிந்திருக்கும், புல் பொன்னிறமாகும். பள்ளிப் பிள்ளைகள் இல்லாமல் பெற்றோரை மட்டும் அழைத்துப் போகிறவர்களுக்கு அதுவே சரி. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஸ்டர்ஜிஸ் ஊரில் நடக்கும் மோட்டார் சைக்கிள் திருவிழாவுக்கு லட்சக்கணக்கானோர் வருவார்கள். அந்த நாட்களில் தங்கும் விடுதிகள் நிறைந்து, வாடகை பன்மடங்காகும். குளிர்காலத்தில் கடை இருக்கும், ஆனால் பனிப்புயலில் ஐ-90ஐயே மூடிவிடுவார்கள். கோடையிலும் மாலை நேர இடிமழையையும் ஆலங்கட்டியையும் எதிர்பாருங்கள். பேட்லாண்ட்ஸில் விரியன் இனத்தைச் சேர்ந்த கிலுகிலுப்பைப் பாம்புகள் உண்டு. செருப்பு வேண்டாம், மூடிய காலணி போடுங்கள், பாறை இடுக்கில் கை விட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் பார்க்க முடியுமா?

முந்தின இரவு பூங்காவுக்குக் கிழக்கே உள்ள கேடோகா ஊரிலோ அதற்கு அருகிலோ தங்குங்கள். காலை ஆறு மணிக்கு எக்ஸிட் 131 வழியாகப் பேட்லாண்ட்ஸ். மரப்பலகைப் பாதையில் புதைபடிவ மாதிரிகளைப் பார்த்துவிட்டு, காட்சிமுனைகளில் நின்று, பதினொன்றரைக்குள் வால் ஊர். கட்டுச்சாதம், பிறகு கடை. இரண்டு மணிக்குக் கிளம்பினால் மூன்றரை, நான்கு மணிக்கு மவுண்ட் ரஷ்மோர். கோடையில் அங்கே இருட்டிய பின் சிலைகளுக்கு விளக்கேற்றுவார்கள். குட்ஸன் போர்க்லம் தலைமையில் 1927இலிருந்து 1941 வரை நடந்த வேலை அது. டோரதிக்குத் தூக்கம் வராமல் தண்ணீர் யோசனை பிறந்த அதே 1936இன் ஆகஸ்ட் மாதத்தில்தான் ஜெஃபர்சனின் முகத்தை அதிபர் ரூஸ்வெல்ட் வந்து திறந்துவைத்தார். வால் ஊரைக் கடந்துபோன கார்கள் ஏன் அத்தனை பெருகின என்பதற்கு விடை அந்த மலையில் இருக்கிறது.

நேரம் இடித்தால் குறைக்க வேண்டியது வால் டிரக்கைத்தான், பேட்லாண்ட்ஸில் கைவைக்காதீர்கள். அரை மணி நேரமே மிஞ்சினாலும் எக்ஸிட் 110இல் இறங்குங்கள். நேராகப் பின்முற்றத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்து, குப்பிகளை நிரப்பிக்கொண்டு, ஆளுக்கொரு டோநட்டோடு காருக்குத் திரும்ப அந்த நேரம் தாராளமாகப் போதும்.